பெட்டகத்தில் இருந்த பதினேழு உறைகள்

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கேக் வெட்டும் வழக்கத்தை அந்தக் கிளையில் நிறுத்தி இரண்டு வருடமாகிறது. நிறுத்தியவர் நங்கூரம் அக்காதான். ஒரே காலாண்டில் ஆறு கேக் ஆகிவிட்டது. எதிர்ச் சாரியில் இருந்த பேக்கரிக்காரர் இவரைக் கண்டதுமே, "இன்னைக்கு யாரும்மா, அந்த ஒல்லிப் பையனா, கண்ணாடி போட்ட பொண்ணா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். ஏழாவதாக ஒருவர் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிய அன்று, "இனிமே கேக் கிடையாது. படிக்கட்டு வரைக்கும் போய் வழியனுப்புவோம், அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை அது. கீழே டயர் கடை, அதன் மேல் தளத்தில் ஒரு பல் டாக்டர், இரண்டாம் மாடியில் இவர்கள். காலையில் கண்ணாடிக் கதவைத் திறந்தால் முதலில் ரப்பர் வாடைதான் உள்ளே வரும். அக்கா அங்கே சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. கவுண்ட்டரில் ரசீது போடும் குமாஸ்தாவாக நுழைந்தவர், பதினைந்து வருடத்தில் ஆபரேஷன்ஸ் ஆபீசர் ஆகியிருந்தார். பதவியின் பெயர்தான் பெரிது. வெளியே அலைந்து கடன் பிடிக்கிறவர்களும் தவணை கேட்டு போன் போடுகிறவர்களும் எத்தனை வேகமாக மாறினாலும் கிளையின் காகிதம் ஒன்றுகூட இடம் மாறக்கூடாது, அவ்வளவுதான் வேலை.

நங்கூரம் என்ற பெயர், நாலே மாதம் இருந்துவிட்டுப் போன ஒரு விற்பனைக்காரர் வைத்தது. "எல்லாக் கப்பலும் போயிடுது, நீங்க மட்டும் இங்கயே கிடக்கறீங்களேக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே மற்றவர்களும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தபோது, சரி, கெட்ட பெயர் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டார்.

ஏன் இப்படிப் போகிறார்கள் என்று வெளியாட்கள் கேட்டால் அவர் காரணங்களை விரல் விட்டு எண்ண மாட்டார். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்து உட்காருங்கள் என்பார். எட்டு மணிக்கு வட்டார அலுவலகத்திலிருந்து போன் வரும். ஸ்பீக்கரில் போட வேண்டும். முந்தின நாள் இலக்கை எட்டாதவர்களின் பெயரை, பன்னிரண்டு கிளைகளும் கேட்கும்படி, ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வந்தவர் "இருக்கேன் சார்" என்று சொல்லி, ஏன் முடியவில்லை என்று விளக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்பது விளக்கம் ஆகாது. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் போட்டி நிறுவனம் ஒன்று இருந்தது. ஒரு மாடி ஏறினால் கொஞ்சம் கூடுதல் சம்பளம். அப்படி ஏறிப் போனவர்கள் ஒன்பது பேர். அவர்களில் இரண்டு பேர் ஆறு மாதத்தில் இறங்கியும் வந்தார்கள்.

அக்கா யாரையும் போகாதே என்று கெஞ்சியதில்லை. போகிறவர் தன் இடத்துக்கு வரப்போகிறவருக்காக இரண்டு பக்கம் எழுதிவைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட சட்டம். எந்த வாடிக்கையாளர் காலையில் பேசினால் கோபப்படுவார், எந்தக் கோப்பில் எந்தக் கையெழுத்து பாக்கி, எந்த கம்ப்யூட்டரில் எந்த எழுத்து அழுந்தாது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பத்தி, ஏன் போகிறேன் என்பது. அதை உண்மையாக எழுத வேண்டும். "குடும்பக் காரணம்னு எழுதாதீங்க. எல்லாருக்கும்தான் குடும்பம் இருக்கு" என்பார். அந்தத் தாள்கள் ஒரு தடித்த நீலக் கோப்பில் சேர்ந்துகொண்டே வந்தன. புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் அதைத்தான் படித்தார்கள். ஆள் மாறியதால் வேலை நின்றது என்ற பேச்சு அந்தக் கிளையில் எழுந்ததில்லை.

இந்த நிலையில்தான் புதிய வட்டார மேலாளர் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எதையும் வேகமாகச் செய்கிறவர். படியைக்கூட இரண்டிரண்டாகத்தான் ஏறுவார். வந்த இரண்டாம் வாரத்தில், எல்லாக் கிளை ஊழியர்களும் தங்கள் படிப்புச் சான்றிதழ்களின் அசலைக் கிளையில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சரிபார்க்கத்தான், ஒரு வாரத்தில் திருப்பித் தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது. மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

அக்கா அதை நம்பினார். பழுப்பு உறைகள் வாங்கிவந்து, ஒவ்வொன்றின் மேலும் அவரவர் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். தன் சான்றிதழையும் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துவந்து ஓர் உறையில் போட்டார். பதினேழு உறைகள். வாடிக்கையாளர்களின் வண்டிப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டகத்தின் கீழ்த் தட்டில் அடுக்கி வைத்தார்.

ஒரு வாரம் ஐந்து மாதம் ஆனது. அதற்குள் மூன்று பேர் விலகினார்கள். சான்றிதழைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடம் முடிக்காமல் போகிறவர் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் உறை கைக்கு வரும். அப்படி ஒரு வரி எந்த நியமனக் கடிதத்திலும் இல்லை. இருந்தாலும் மூன்று பேரும் கொஞ்ச நாள் நடையாக நடந்து, சலித்துப்போய், அப்புறம் வருவதை விட்டுவிட்டார்கள். அக்கா மேலிடத்துக்கு நான்கு மெயில் அனுப்பினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே ஒரு பதில் வந்தது.

நாலாவதாக விலகியவள் ரேடியோ. தவணைக்காக போன் போடும் பிரிவில் இருந்தவள். மூச்சு விடாமல் பேசுவதால் அந்தப் பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்து அக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவள் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்குக்கா. நோயாளிங்க பதிவு எழுதற வேலை. நிரந்தரம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரிஜினலோட வரச் சொல்லியிருக்காங்க. இல்லைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

"மேல கேட்டியா?"

"கேட்டேன். பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோன்னாங்க. அவ்வளவு பணம் எங்கிட்ட இருந்தா நான் ஏங்க்கா ஊரெல்லாம் போன் போட்டுத் திட்டு வாங்கப் போறேன்?" என்றவள், பெட்டகம் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். "அது அங்கதான இருக்கு? பத்தடி தூரம் இருக்குமா?"

அக்கா அவள் எதிரிலேயே வட்டார மேலாளருக்கு போன் போட்டார். முழுதும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"மேடம், உங்களுக்கு நங்கூரம்னு பேராமே? நல்ல பேரு. நங்கூரத்தோட வேலை என்ன? பிடிச்சு வைக்கிறது. பிடிச்சு வைங்க."

"அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிட்டா சார். இப்ப நம்ம பிடிச்சு வச்சிருக்கிறது அவளை இல்ல, அவ படிப்பை."

"அதைப் பார்த்துதான் மத்தவங்க போகாம இருப்பாங்க. இதுதான் விஷயம். உங்களுக்குப் புரியலைன்னா விடுங்க, புரிஞ்சவங்க நாங்க இருக்கோம்."

போனை வைத்த அக்கா, ரேடியோவிடம் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் அவர் துணி மடித்துக்கொண்டே நடந்ததைக் கணவரிடம் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை போக நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பெட்டகத்துக்கு ரெண்டு சாவின்னு சொல்லுவியே. இன்னொண்ணு மேனேஜர்கிட்ட இல்ல?"

"மேனேஜர் போயி பன்னெண்டு நாள் ஆச்சுங்க. நாலு வருஷத்துல இவர் ஆறாவது ஆள். அடுத்தவர் வர்ற வரைக்கும் அந்தச் சாவியையும் நீங்களே வச்சுக்கங்கன்னு எங்கிட்ட குடுத்துட்டாங்க. ரெண்டு சாவி ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது, அதுவே தப்பு. எழுதியும் கேட்டேன், சமாளிங்கன்னு பதில் வந்துச்சு."

"அப்போ சமாளி" என்றார் கணவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் இருந்தது. "வேலை போயிடும்ங்க. சின்னவளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கு."

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "லிஃப்ட் நடுவுல நின்னு உள்ள ஆள் மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? மோட்டார் ஏன் நின்னுச்சுன்னு பார்க்க மாட்டோம். கதவைத் திறந்து ஆளை வெளிய எடுப்போம். கம்பெனி, கட்டடத்துக்காரன், யார் மேல தப்பு, அதெல்லாம் அப்புறம். உள்ள இருக்கிற ஆள்கிட்ட, கொஞ்சம் இருங்க, பரிசீலனையில இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க."

"சுலபம் இல்லதான். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா அந்த உறை மேல பேரை எழுதினது உன் கைதான?"

அது அக்காவைத் தைத்தது. கொடுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று பதினாறு பேரிடமும் வாங்கி வைத்தது தான்தான் என்ற எண்ணம் ஐந்து மாதமாக முள்ளாய் உள்ளேயே இருந்தது. இப்போது அதை இன்னொருவர் சொல்லிக் கேட்டதும் கோபம் வந்தது. முதலில் கணவர் மேல். பிறகு தன் மேல். துணி மடித்து முடிக்கும்போது அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணி அழைப்பு முடிந்ததும் அக்கா எழுந்து நின்றார். "யாரும் வெளிய கிளம்பாதீங்க. ஒரு வேலை இருக்கு." ஏற்கெனவே விலகிப் போயிருந்த மற்ற மூன்று பேருக்கும் முந்தின இரவே செய்தி அனுப்பியிருந்தார்.

பெட்டகத்தைத் திறக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. காசாளரைக் கூப்பிட்டார். அவர் கையைப் பிசைந்தார்.

"அக்கா, என் பேரு எதுலயும் வர வேண்டாமே. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"சரிம்மா. நீ கவுண்ட்டரைப் பாரு" என்றார் அக்கா. குரலில் வருத்தம் இல்லை.

அப்போது வாசலில் நின்ற காவலாளி உள்ளே வந்தார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். அவருடைய சான்றிதழ் எதுவும் பெட்டகத்தில் இல்லை. "நான் நிக்கலாமா மேடம்? எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றார். அவர் அந்த வாசலில் நின்ற ஆறு வருடத்தில் யாரும் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை.

இரண்டு சாவியும் திரும்பின. அக்கா உறைகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பெட்டகப் பதிவேட்டில் ஒரு புதிய பக்கத்தை எடுத்து, மேலே தேதியும் நேரமும் எழுதி, கோடு கிழித்து, ஒரு வாசகம் எழுதினார்: 'நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ சொந்தமில்லாத ஆவணம் என்பதால், உரியவரிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டது.' அதன் கீழ் பதினேழு வரிசை.

முதலில் தன் உறையைப் பிரித்து, பார்த்து, முதல் வரிசையில் தானே கையெழுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் ஸ்பீக்கரில் கேட்ட அதே பெயர்கள். ஆனால் இப்போது பெயர் கேட்டு எழுந்து வந்தவர்கள் யாரும் தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. ஒருவன் உறைக்குள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, நான் இவ்வளவு மார்க் வாங்கினேனா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கவுண்ட்டரைப் பார்க்கப் போன காசாளரும் தன் பெயர் வந்தபோது வந்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

விற்பனைப் பிரிவின் தலைவருக்கு எல்லாரும் வைத்த பெயர் டார்கெட். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எனக்கு வேண்டாம். என்னுது உள்ளயே இருக்கட்டும். நான் எங்கயும் போற ஆள் இல்ல. வீணா மேலிடத்தோட மோதறீங்க மேடம். நாளைக்கு எங்களையும் சேர்த்து விசாரிப்பாங்க."

அக்கா உறையை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கே போனார். "நீங்க போறதும் இருக்கிறதும் உங்க இஷ்டம் சார். இது உங்க பேப்பர், வேணும்னா மேலிடத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. ஆனா என் சாவிக்குக் கீழ இது இனிமே இருக்காது."

டார்கெட் வெகுநேரம் உறையைத் தொடவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பத்து மணிக்கு ரேடியோ வந்தாள். உறையை வாங்கி, பிரிக்காமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறந்தவள் இருபது நிமிடம் மூடவில்லை. முன்னால் போன மூன்று பேரில் இரண்டு பேர் மதியத்துக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி, "இதை இனிமே பார்ப்பேன்னு நினைக்கலை" என்றார். மூன்றாமவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். அவர் தம்பி, அண்ணன் எழுதி போனில் அனுப்பிய கடிதத்தோடு வந்து வாங்கிப் போனார்.

பதினேழு வரிசையும் நிரம்பியதும் அக்கா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, வட்டார மேலாளருக்கும் தலைமை அலுவலகத்தின் பணியாளர் பிரிவுக்கும் மெயிலில் அனுப்பினார். மறைக்க ஒன்றுமில்லை என்பதால் அதில் அதிகம் எழுதவும் இல்லை.

மூன்று மணிக்கு வட்டார மேலாளர் படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். கதவைத் திறந்ததும் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"யார் குடுத்தா உங்களுக்கு அதிகாரம்?"

"உட்காருங்க சார்" என்றார் அக்கா. அவர் உட்காரவில்லை. அக்காவும் எழவில்லை.

"இது திருட்டு. புரியுதா? கம்பெனி பெட்டகத்தைத் திறந்து பொருளை எடுத்துக் குடுத்திருக்கீங்க."

அக்கா பெட்டக விதிப் புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் கோடிட்ட பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார். நிறுவனத்தின் பொருளும் வாடிக்கையாளரின் அடமான ஆவணமும் தவிர வேறெதையும் பெட்டகத்தில் வைக்கக்கூடாது என்று அதில் அச்சாகியிருந்தது. "உள்ள வச்சதுதான் சார் தப்பு. அந்தத் தப்பை அஞ்சு மாசம் நானும் பண்ணினேன். இன்னைக்குச் சரி பண்ணிட்டேன். விலகி நின்னு பார்த்தா திருட்டு எதுன்னு உங்களுக்கே தெரியும்."

"நாளைக்கே பாதிப் பேரு போயிடுவாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"போகட்டும். எப்பவும் போறவங்கதான. போயிட்டா வேற ஆளை எடுத்துச் சொல்லிக் குடுப்பேன். அது எனக்குப் புதுசு இல்ல." அக்கா கீழ் இழுப்பறையிலிருந்து தடித்த நீலக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஏன் போறாங்கன்னு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னா இதுல அறுபத்துமூணு பேரு எழுதி வச்சிருக்காங்க. கடைசிப் பத்தியை மட்டும் படிங்க. முப்பத்தெட்டு பேரு காலை எட்டு மணியைப் பத்தி எழுதியிருக்காங்க. சம்பளத்தைப் பத்தி எழுதினவங்க அதுல பாதிகூட இல்ல."

அவர் கோப்பைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க மேடம். கௌரவமா போயிடலாம். நல்ல சர்டிபிகேட்டும் குடுத்து அனுப்புவோம்."

"நான் எழுத மாட்டேன்" என்றார் அக்கா. "வேணும்னா நீங்க அனுப்புங்க. ஆனா என்ன காரணத்துக்காக அனுப்புறீங்கன்னு முழுசா எழுதிக் குடுங்க. ஊழியர்களோட சான்றிதழை அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்த குற்றத்துக்காகன்னு எழுதுங்க. நான் அந்தக் கடிதத்தை எங்க எங்க காட்டணுமோ அங்கெல்லாம் காட்டிக்கிறேன்."

அறையில் இருந்த பதிமூன்று பேரும் அதைக் கேட்டார்கள். வட்டார மேலாளர் இரண்டு சாவிகளையும் வாங்கிக்கொண்டார். அதற்கும் அக்கா பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார். அவர் போட வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு கடிதத்தை எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒழுங்கு தவறியதற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. எந்த ஒழுங்கு என்று அதில் இல்லை. அக்கா பதிவேட்டின் நகலை இணைத்து, 'செய்தது நான்தான். மறுபடி அப்படி வைத்தாலும் மறுபடி இதையேதான் செய்வேன்' என்று பதில் எழுதினார். அதற்கு அடுத்த வாரம் அவரை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

கிடங்கு ஊரின் மறுகோடியில், பெயிண்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி, முடிந்துபோன கடன்களின் கோப்புகள் கூரை வரைக்கும். கூட வேலை பார்க்க யாரும் இல்லை. அவர் தானாகவே சலித்துப்போய் எழுதிக் கொடுத்துவிடுவார் என்பது கணக்கு. முதல் வாரம் அந்தக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்து, "பேசாம விட்டுடலாம் போல இருக்கு" என்றார். அதற்குப் பதில் சொன்னவள் சின்ன மகள்.

"விடுறதுன்னா விட்டுடும்மா. ஆனா அவங்க நினைச்சபடி விடாத. உனக்கா தோணும்போது விடு."

மறுநாளிலிருந்து அக்கா ஸ்டூல் போட்டு ஏறிக் கோப்புகளை வருட வாரியாக அடுக்க ஆரம்பித்தார். சும்மா உட்கார்ந்தால்தான் மனம் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

கிடங்குக்கு வந்த மூன்றாவது வாரம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் இன்னொரு கிளையின் ஆபரேஷன்ஸ் ஆபீசர், அதுவரை பார்த்திராதவர்.

"அக்கா, உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். என் பெட்டகத்துல இருபத்திரண்டு உறை இருக்கு. ரெஜிஸ்டர்ல நீங்க என்ன வாசகம் எழுதினீங்க? கொஞ்சம் சொல்றீங்களா, எழுதிக்கிறேன்."

அக்கா கோப்பின் தூசியைத் தட்டிவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 'நிறுவனத்துக்கோ' என்ற இடத்தில் அந்தப் பக்கம் பேனா மை தீர்ந்துவிட்டது. வேறு பேனா எடுத்து வரும் வரைக்கும் அக்கா காத்திருந்தார்.

அந்த மாதத்தில் இன்னும் நான்கு பேர் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு இரண்டாம் சாவி கிடைக்கவில்லை. அவர் தன் மேலாளரையே பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். இன்னொரு கிளையில் ஊழியர்களே வரிசையாக நின்று கேட்டு வாங்கினார்கள். இப்படி இன்னும் ஐந்து கிளைகளின் பெட்டகம் காலியானதும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சரிபார்க்கும் பணி இனிதே நிறைவடைந்ததால் அனைவரின் அசல் சான்றிதழ்களும் திருப்பித் தரப்படுகின்றன என்று அதில் இருந்தது. கணவர் அதைப் படித்துவிட்டு, 'இனிதே' என்ற சொல்லுக்கு மட்டும் அரைமணி நேரம் சிரித்தார்.

பழைய கிளையில் பாதிப் பேர் போய்விடவில்லை. நாலு பேர் போனார்கள். அது அந்தக் கிளைக்கு வழக்கமான கணக்குதான். ஆனால் அக்காவின் இடத்துக்கு வந்தவர் ஐந்து வாரத்தில் விலகினார். அடுத்தவர் மூன்று வாரம். மூன்றாமவர் முதல் நாள் மதியம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவே இல்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு வண்டிப் பத்திரத்தைக் கேட்டபோது, அது எங்கே என்று சொல்ல அந்த மாடியில் ஆள் இல்லை.

நாலு மாதம் கழித்துப் பணியாளர் பிரிவின் தலைவி அக்காவைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை. தலைவி இனிமையாகப் பேசினார்.

"பழசையெல்லாம் மறந்துடுவோம்மா. நீங்க திங்கட்கிழமையே உங்க இடத்துக்குப் போகலாம்."

"நான் மறந்துடுவேன் மேடம். என் பைல் மறக்கணுமே" என்றார் அக்கா. "அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுறோம்னு எழுத்துல வேணும்."

"அதெல்லாம் வழக்கம் இல்லையே. நம்ம பேசிக்கிட்டாப் போதாதா?"

"ஒரு வாரத்துல திருப்பித் தருவோம்னு எழுதியே குடுத்தாங்க. அதுவே அஞ்சு மாசம் ஆச்சு. நீங்க வாயால சொல்றதை நான் எப்படி நம்பட்டும்?"

தலைவி தயங்கினார். இரண்டு இடத்துக்கு போன் போட்டார். பிறகு பக்கத்து அறைக்குப் போனார். அக்கா காத்திருந்தார். முக்கால் மணி கழித்துக் கடிதம் வந்தது, முத்திரையோடு. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். தலைவி கைகுலுக்க எழுந்து நின்றார்.

"நோட்டீஸ் தேதி தப்பா இருக்கு மேடம்" என்றார் அக்கா. "எனக்கு வந்த நோட்டீஸ்ல ஒன்பதாம் தேதின்னுதான் இருக்கு. இதுல பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. அப்போ ஒன்பதாம் தேதி நோட்டீஸ் அப்படியே பைல்ல நிக்கும்."

தலைவி சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் போல. அக்கா கடிதத்தை மேசையின்மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திக் குடுங்க. நான் இருக்கேன்."